அரைமணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

காலை எட்டு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறோம். இடையில் கொள்முதல், பில், வங்கி, வரிக் கணக்கு. உடற்பயிற்சிக்கு விடியற்காலையில் அரைமணி நேரம் கிடைப்பதே பெரிது. அந்த அரைமணியை நம்மில் பலர் ஓட்டத்துக்கோ நடைக்கோ முழுவதுமாகக் கொடுத்துவிடுகிறோம். இது, இருக்கும் முதல் முழுவதையும் ஒரே சரக்கில் போடுவது போன்றது என்பதே நம் கருத்து.

ஓட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. ஆனால், முப்பது வயதைத் தாண்டியபின் சிறிது சிறிதாகக் கரையும் தசையை ஓட்டம் மட்டுமே காப்பாற்றிவிடாது. தினமும் மைதானத்தைச் சுற்றி வருபவரே 26 கிலோ அரிசி மூட்டையை நகர்த்தப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கிறோம். மேலும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு எங்கே போகும்? நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. நாள் முழுவதும் கல்லாவில் உட்காரும் நமக்கு இதில் விலக்கு கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை, அல்லது 75 நிமிடம் ஓட்டம் போன்ற கடும்பயிற்சி தேவை. அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பலர் கண்ணில் படாமல் போவது இந்த இரண்டாவது வரிதான்.

நம் அரைமணிக்குள் இது அடங்குமா? அடங்கும். திங்கள், புதன், வெள்ளி, சனி ஓட்டம். 120 நிமிடம் ஆயிற்று. செவ்வாயும் வியாழனும் தண்டால், பஸ்கி, முழங்காலை மடக்கி எடை தூக்குதல். நடப்பவர்கள் ஞாயிறன்று இன்னும் அரைமணி நடந்தால் 150 நிமிடக் கணக்கு நேராகிவிடும். தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. கால்களுக்குக் கடும் பயிற்சி செய்த மறுநாள் ஓட்டத்தில் வேகம் வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். காலை நேரத்தில் நம் சங்கக் கூடம் பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு நாள் அதைத் திறந்துவிட்டால், தனியாகத் தொடங்கத் தயங்கும் உறுப்பினர்கள் கூடிச் செய்வார்கள். நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்க வேண்டும்.

கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். உடம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.