ரெடிங் சிறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் மாவட்டத்தில், ரெடிங் நகரின் நடுவில் இருக்கும் பழைய சிறைச்சாலையை அரசு விற்ற விதத்தைக் கண்டித்து இதை எழுதுகிறேன். இந்த ஊரில் வரி கட்டி வாழ்கிற தமிழன் நான்.

2013 இல் சிறையை மூடுவதாக அறிவித்தார்கள். 2019 இல் விற்பனைக்கு விட்டார்கள். ஊரார் கைகோத்து மதிலைச் சுற்றி நின்றார்கள். கலைக்கூடமாக்குவதற்காக ரெடிங் கவுன்சில் 26 லட்சம் பவுண்டுக்குக் கேட்டது, கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் சிறைமதிலில், துணிகளை முடிந்த கயிற்றில் ஒரு கைதி இறங்குவதுபோல் ஓவியம் ஒன்று தோன்றியது. கயிற்றின் நுனியில் ஒரு தட்டச்சுப்பொறி. அதை வரைந்த தெரு ஓவியர் பேங்க்ஸி, வரையப் பயன்பட்ட தகட்டையே ஏலம்விட்டு ஒரு கோடி பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் 2024 ஜனவரியில், 70 லட்சம் பவுண்டுக்கு ஒரு தனியார் கல்வி அறக்கட்டளைக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பொதுப்பணத்தில் கட்டி, பொதுப்பணத்தில் நடத்திய ஓர் இடத்தை வெறும் காலிமனை போல விலை பேசியவர்கள்மீதுதான் கோபம்.

அது எப்படிப்பட்ட மனை? முதலாம் ஹென்றி மன்னர் 1121 இல் நிறுவிய மடாலயத்தின் நிலம் அது. 1136 இல் அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539 இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடாலயம் கலைக்கப்பட்டது; கடைசி மடத்தலைவரையும் கொன்றார்கள். மடாலயத்தோடு இருந்த தேவாலயத்தின் கிழக்குக் கோடி சிறை வளாகத்துக்குள் வருகிறது. 2016 இல் ரேடார் கருவி கொண்டு ஆராய்ந்தபோது, சிறையின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கல்லறைகளாக இருக்கக்கூடிய தடயங்கள் தெரிந்தன. ஓர் அரசரின் சமாதி கிடைக்க வாய்ப்புள்ள மண்ணைத் தோண்டிப் பார்க்குமுன்பே விற்றாயிற்று.

இன்று நிற்கும் கட்டடம் 1844 இல் திறந்தது. கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டும் மொஃபாட்டும் லண்டன் பென்டன்வில் சிறையைப் பார்த்துச் சிலுவை வடிவில் அமைத்தார்கள். ஒருவனை ஒருவன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. தனிக்கொட்டடியில் கிடந்து தன் பாவத்தை எண்ணித் திருந்தட்டும் என்பது அக்காலக் கொள்கை. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1895 நவம்பர் முதல் 1897 மே வரை இங்கே இருந்தார். சி பிரிவு, மூன்றாம் தளம், மூன்றாம் அறை: சி.3.3 என்பதே அவர் பெயராயிற்று. 1896 ஜூலை 7 அன்று உல்ட்ரிஜ் என்ற குதிரைப்படை வீரர் இங்கே தூக்கிலிடப்பட்டார். அதிலிருந்து பிறந்த நெடுங்கவிதையை 1898 இல் வைல்ட் அந்த எண்ணையே ஆசிரியர் பெயராகப் போட்டு வெளியிட்டார். 1916 இல் டப்ளின் எழுச்சிக்குப் பிறகு ஆர்தர் கிரிஃபித் உள்ளிட்ட அயர்லாந்துப் போராளிகளையும் இங்கே அடைத்தார்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது பிஸ்கட் கதை. முயலுக்குக் கண்ணி வைத்த குற்றத்துக்காக மூன்று சிறுபிள்ளைகளைப் பிடித்து வந்து இந்தச் சிறையில் போட்டிருந்தார்கள். அபராதம் கட்ட வழியில்லை. அதில் மிகச் சிறிய பிள்ளையால் சிறை ரொட்டியைத் தின்ன முடியவில்லை. பசி பொறுக்காமல் தவித்த அந்தப் பிள்ளைக்கு மார்ட்டின் என்ற வார்டர் இரண்டொரு பிஸ்கட் கொடுத்தார். அதற்காக அவர் வேலை போயிற்று. விடுதலையாகிப் பிரான்சுக்குப் போயிருந்த வைல்ட் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, ‘டெய்லி கிரானிக்கிள்’ ஆசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதினார். 1897 மே 28 அன்று அது வெளிவந்தது. தன் துன்பத்தைப் பற்றியல்ல, சிறையில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி. மறு ஆண்டு சிறைச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது இன்னொரு கடிதமும் எழுதினார். அந்தப் பிள்ளைகள் நின்ற கூடத்தைப் பள்ளிக் குழந்தைகள் போய்ப் பார்க்க வேண்டாமா? 2016 இல் சில வாரங்கள் கலைக் கண்காட்சிக்காகக் கதவைத் திறந்தபோது மக்கள் போனார்கள், பார்த்தார்கள். பிறகு பூட்டிவிட்டார்கள்.

‘பாதுகாக்கப்பட்ட கட்டடம்தானே, யாரும் இடித்துவிட முடியாதே’ என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பது சுவரைக் காக்கும். உள்ளே போகும் உரிமையை யாருக்கும் தராது. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் ஷயர் ஹால், ஒரு காலத்தில் மாவட்ட நிர்வாகம் நடந்த கட்டடம், இன்று ஹோட்டல். 1867 வரை பெர்க்‌ஷயரின் தலைநகராக இருந்த அபிங்டனில் பழைய சிறை குடியிருப்பாகிவிட்டது. அதே அபிங்டனில் 17ஆம் நூற்றாண்டு நீதிமன்றக் கட்டடமான கவுன்டி ஹால் மட்டும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பொதுக்கையில் இருப்பதால்தான் யார் வேண்டுமானாலும் படியேறிப் போக முடிகிறது.

பணமில்லாத கவுன்சில்களால் என்ன செய்ய முடியும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ரெடிங் சிறையோடு சேர்த்து மூடுவதாக அறிவிக்கப்பட்ட நார்தலர்ட்டன் சிறையை அங்கு அப்போதிருந்த மாவட்ட கவுன்சிலே வாங்கியது. ரெடிங் கவுன்சிலும் சளைத்ததல்ல. மடாலய இடிபாடுகளைச் செப்பனிட்டு 2018 இல் மீண்டும் திறந்துவிட்டது. சிறையும் அதன் கைக்கு வந்திருந்தால் இந்நேரம் நாம் உள்ளே நின்றிருப்போம்.

விற்றது விற்றாயிற்று. ஆனால் இந்த வளாகத்தில் எதை மாற்றிக் கட்டுவதானாலும் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனைகளை எழுதிவைக்க வேண்டும்: சி பிரிவும் தூக்குமேடை இருந்த இடமும் ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், அகழாய்வு முடியுமுன் மடாலய நிலத்தில் அஸ்திவாரம் போடக் கூடாது. மூடப்படும் சிறைகளையும் நீதிமன்றங்களையும் விற்கும்போது, முதலில் கேட்கும் உரிமையை அந்தந்த ஊர் கவுன்சிலுக்கே தர வேண்டும் என்று லண்டனில் இருக்கும் நீதி அமைச்சகத்தையும் கேட்கிறேன்.

ரெடிங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்ட விண்ணப்பம் கவுன்சிலுக்கு வரும்போது கருத்துத் தெரிவிக்கக் குடியுரிமை தேவையில்லை, சொந்த வீடு தேவையில்லை. பெயரும் முகவரியும் போட்டு யாரும் எழுதலாம். எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரெடிங் வாசகர் ஒருவர்