கைவைப்பவன் கள்வனா?

கணனி விளையாட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதுதல் தகுமா என முகஞ்சுளிப்போர் உளர். ஆயின், அவ்விளையாட்டுகளின் காட்சியமைப்பைத் தம் கணனிக்கேற்பத் திருத்திக்கொள்ளும் மாணவர்மீது இன்று சுமத்தப்படும் பழி விளையாட்டோடு முடிவதன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளிற் கைவைக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டா, அன்றி விற்றவனே அதற்கு என்றென்றும் உடையவனா என்பதே ஈண்டு எழும் வினா. இன்று இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோர், நாளை கைத்தொலைபேசியைப் பற்றியும் உழவு இயந்திரத்தைப் பற்றியும் அதே வினா எழும்போது விடையற்று நிற்பர்.

இவ்வினா எழும் சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளிற் படிப்பு மேசையின்மேல் இருக்கும் கணனிகளுட் பல, ஆண்டுகள் சில கடந்தவை. புதிய கிராபிக்ஸ் அட்டையொன்றின் விலையைப் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் விசாரித்து வெறுங்கையுடன் திரும்பியோர்க்கு அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர்க் குறைப்புகள் வந்தனவாயினும், மின்பட்டியலை அஞ்சிப் பார்க்கும் வழக்கம் வீடுகளை விட்டு நீங்கவில்லை. பழைய பொறியைக் கொண்டு புதிய விளையாட்டை ஆடவேண்டிய இந்நிலையிலேயே, வேற்றார் இயற்றிய திருத்தநிரல்கள், அதாவது மொட்கள், மாணவர்க்குக் கைகொடுக்கின்றன.

அவை செயற்படும் முறை மறைபொருளன்று. விண்டோஸ் கணனியில் ஒரு விளையாட்டு, திரையிற் படம் வரைவதற்கு டைரக்ட்எக்ஸ் என்னும் இடைநிலை நூலகத்தை அழைக்கின்றது. ரீஷேட் போன்ற மொட், அந்நூலகக் கோப்பின் பெயரையே பூண்ட வேறொரு கோப்பாக விளையாட்டின் கோப்புறையில் அமர்கின்றது. விளையாட்டு அதனையே முதலில் ஏற்றுகின்றது; அழைப்புகள் அதனூடாக உண்மை நூலகத்தைச் சென்றடைகின்றன; வரைந்து முடிந்த படம் திரையை அடையுமுன் அதன் நிறமும் ஒளியும் கூர்மையும் திருத்தப்படுகின்றன. இதுவே உட்செலுத்தல் எனப்படுவது. பிறேம் வேகத்தை மட்டுப்படுத்தும் ரிவாடியூனர் போன்ற நிரலும் அவ்விடத்திலேயே நின்று, அடுத்த படம் உரிய நேரத்துக்கு முன் வெளிப்படாதவாறு சற்றே தாமதிக்கச் செய்கின்றது. செக்கனுக்கு 60 பிறேம் என வரையறுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிசெக்கன் கிடைக்கும். இவ்விரு வகையிலும் விளையாட்டின் மூலக்கோப்பில் ஓர் எழுத்தேனும் மாறுவதில்லை. புதிய கோப்பை நீக்கிவிடின் பழைய நிலையே மீளும்.

வேகத்தைக் குறைப்பதற்கென ஒரு கருவியா எனச் சிலர் நகைப்பர். செக்கனுக்கு 60 தடவை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரைக்கு 150 படங்களை வரைந்து தள்ளும் அட்டை, மிகுதிப் படங்களுக்கான மின்சாரத்தை வெப்பமாகவே வெளியேற்றுகின்றது. கொழும்பின் புழுக்கத்திற் குளிரூட்டியற்ற அறையொன்றில் அவ்வெப்பம் எவ்வாறிருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. 2021 யூலையில் அமேசன் நிறுவனத்தின் நியூ வேர்ல்ட் விளையாட்டு முன்னோட்டமாக வெளிவந்தபோது, விலையுயர்ந்த அட்டைகள் சில அதனை ஆடுகையிற் செயலிழந்தன. அட்டைகளைத் தயாரித்த ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம் தன் பற்றவைப்பிலிருந்த குறையை ஒப்புக்கொண்டது. எனினும், அமேசனும் தன் விளையாட்டின் பட்டியல்திரையிற் பிறேம் வேகத்துக்கு வரம்பிட்டது. ஏழை மாணவன் தானாகவே இட்டுக்கொண்ட வரம்பைப் பெருநிறுவனம் விபத்தின் பின்னர் இட்டது. இவ்விருவருள் முன்யோசனையுடையோர் எவர்?

இனி, எதிர்ப்போர் கூறும் மூன்று நியாயங்களையும் ஒவ்வொன்றாக ஆராயலாம்.

படைப்பாளியின் நோக்கம் சிதைகிறது என்பது முதலாவது. கேட்பதற்கு இனிய வாதம் இது. 2012 ஓகஸ்ட்டில் டார்க் சோல்ஸ் என்னும் புகழ்பெற்ற யப்பானிய விளையாட்டுக் கணனிக்கு வந்தது. எத்துணைப் பெரிய திரையிற் பார்த்தாலும் அதன் உட்படம் 1024க்கு 720 என்ற அளவிலேயே வரையப்பட்டு இழுத்து நீட்டப்பட்டது; வேகமும் செக்கனுக்கு 30 பிறேமில் முடக்கப்பட்டிருந்தது. ‘டுரான்டே’ என்னும் புனைபெயருடைய ஒருவர், வெளியான மறுநாளுக்குள்ளேயே உட்செலுத்தும் மொட் ஒன்றினால் அவ்வளவைத் திறந்துவிட்டார். மங்கிய படத்தை எவரேனும் கலைநோக்கமெனக் கொண்டாடினரா? 2015 யூனில் வந்த பற்மான்: ஆர்க்கம் நைற் 30 பிறேமில் பூட்டப்பட்டுப் பல பழுதுகளோடு விற்கப்பட்டது, முறைப்பாடுகளின் பின் விற்பனை நிறுத்தப்பட்டு, ஒக்டோபரிலேயே மீண்டும் தொடங்கிற்று. நியர்: ஓட்டோமாட்டா 2017 மார்ச்சில் வெளிவந்தது, அதன் காட்சிக் குறைகளுக்கு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது 2021 யூலையிலாகும். இடைப்பட்ட நான்காண்டுகள் அவ்விளையாட்டைத் தாங்கிநின்றது ஒரு மொட். இங்கெல்லாம் ‘படைப்பாளியின் நோக்கம்’ எனப் போற்றப்படுவது, அவசரத்திலும் சிக்கனத்திலும் செய்துமுடித்த வேலைக்கு இட்ட அழகிய பெயரேயன்றி வேறன்று.

உண்மையான கலைநோக்கம் இருக்கும் இடத்திலும் இவ்வாதம் நிலைக்காது. மூலம் வேறு, உரை வேறு என்பதைத் தமிழ் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பரிமேலழகர் உரை எழுதியதாற் குறளின் சீரொன்றும் பிறழவில்லை. அவ்வுரை வேண்டாதார் அதனை மூடிவைத்துவிட்டு மூலத்தையே ஓதலாம். ஒருவர் தம் வீட்டுத் திரையில் இட்டுக்கொள்ளும் வண்ணமும் அத்தகையதே. மேலும், பிறர் செய்த பொறியைத் தம் தேவைக்குத் திருத்திக்கொள்ளுதல் இம்மண்ணிற் பழகிய செயலாகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, பிற மொழிக்கென எழுந்த தட்டச்சுப்பொறியைத் தமிழ் எழுத்துக்கு இயைய அமைத்தார். மூலப்பொறியைச் செய்தவர்தம் நோக்கம் அதனாற் சிதைந்ததென எவரும் அவரைப் பழித்திலர்.

இது மோசடி என்பது இரண்டாவது வாதம். இதிற் பாதி உண்மையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பலர் இணையத்திற் போட்டியிடும் விளையாட்டில், சுவருக்கு அப்பாலுள்ள எதிரியைக் காட்டும் நிரலும் இதே உட்செலுத்தல் முறையையே கையாள்கின்றது. ஆதலின், 2020 யூலையில் வால்வ் நிறுவனம் தன் கவுன்ரர்-ஸ்ரைக் விளையாட்டில் வேற்றுக் கோப்புகள் உட்புகுவதைத் தடுக்க முற்பட்டதிற் குற்றமில்லை. ரீஷேட்டும் தன் வழக்கமான பதிப்பில், இணையத் தொடர்பு நிகழ்வதை உணரின், காட்சியின் ஆழத்தை அறியும் வசதியைத் தானே அடைத்துவிடுகின்றது. களத்துக்கு விதியுண்டு, களம் புகுவோர் அதற்கு அமைதல் வேண்டும். ஆயின், தனித்து ஆடும் விளையாட்டில் ஏமாற்றப்படுபவர் எவர்? 2023 ஒக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனமே தன் அட்டைக்கான இயக்கிநிரலின் வழியாக விளையாட்டுகளின் உட்புகுந்து தாமதத்தைக் குறைக்க முயன்றபோது, கவுன்ரர்-ஸ்ரைக் 2 ஆடியோர் சிலர் மோசக்காரரெனத் தடைசெய்யப்பட்டனர். நிறுவனம் அவ்வியக்கிநிரலை மீளப்பெற்றது. தடைகளும் பின்னர் நீக்கப்பட்டன. உட்செலுத்தல் என்னும் முறையில் நன்றுமில்லை, தீதுமில்லை. எதன் பொருட்டு, எவ்விடத்தில் என்பனவே அதன் தன்மையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சட்டவிரோதம் என்பது மூன்றாவது. அமெரிக்காவில் விளையாட்டுப் பேழைக்கும் பொறிக்கும் நடுவே பொருத்தப்பட்ட கேம் ஜீனி என்னும் கருவிக்கெதிராக நின்டென்டோ வழக்காடித் தோற்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. 2024 ஒக்டோபர் 17ஆந் திகதி, சோனி நிறுவனம் தொடர்ந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நிரலின் குறியீட்டை மாற்றாது, அது ஓடும்போது நினைவகத்தில் வைக்கும் பெறுமானங்களை மட்டும் மாற்றுதல் கணனி நிரற் பாதுகாப்புப் பணிப்புரையை மீறுவதாகாது எனக் கூறிற்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், நிரற் பிரதியொன்றைச் சட்டப்படி உடையவர், எந்நோக்கத்துக்காக அதனைப் பெற்றாரோ அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவில் அதனைத் தழுவியமைத்துக்கொள்ள இடமளிக்கின்றது. இங்கு ‘சட்டப்படி உடையவர்’ என்னும் சொற்றொடர் ஊன்றி நோக்கற்பாலது. களவுப் பிரதியை இறக்கிக்கொண்டு உரிமை பேசுவோருக்கு இக்கட்டுரையின் வாதம் துணைநில்லாது.

இவ்வளவில் நிறுத்துவது வழக்கறிஞர் வேலையாகும். மொட் இயற்றுவோர் அனைவரும் மாசற்றவர் அல்லர். ரீஷேட்டிலிருந்து கிளைத்து, மூலநிரலை மறைத்து வெளியிடப்பட்ட ஜீஷேட் என்னும் மொட், பைனல் பான்ரசி 14 ஆடுவோரிடையே பெரிதும் பரவியிருந்தது. அதன் கட்டாயப் புதுப்பித்தலைத் தவிர்க்க இளம் நிரலாளர் ஒருவர் வழிகண்டபோது, 2023 பெப்ரவரியில் அதன் ஆக்கியோர், அவ்வாறு தவிர்ப்போரின் கணனியையே மீளத்தொடங்கச் செய்யும் கட்டளையைத் தம் நிரலுட் புதைத்தார். அது வெளிப்பட்டதும் பயன்படுத்துவோர் திரளாக அதனைக் கைவிட்டனர். நிறுவனத்தின் பூட்டை உடைக்க வந்தவர் தாமும் ஒரு பூட்டையே மாட்டினார். விளையாட்டினுட் புகும் கோப்பு, அவ்விளையாட்டுக்குள்ள அதிகாரம் முழுவதையும் தானும் பெறுகின்றது. பயனாளியின் கோப்புகளையும் அது படிக்கலாம். நண்பரின் பென்டிரைவிலிருந்து பெயரறியாக் கோப்பொன்றைப் படியெடுத்து நிறுவும் மாணவன், தன் வீட்டுத் திறப்பை முன்பின் அறியாதவன் கையிற் கொடுத்தவனாவான். எனவே, வாங்கியவனின் உரிமை நிறுவனத்துக்கு எதிராக மட்டுமன்று, மொட் இயற்றுவோனுக்கு எதிராகவும் நிலைநாட்டப்பட வேண்டியதாகும். மூலநிரல் எவரும் பார்க்கத் திறந்திருத்தல் அவ்வுரிமைக்கு முதற் காவல்.

ஆகவே, கோரப்படுவன பெரியன அல்ல. பிறேம் வரம்பும் காட்சி அளவும் பயனாளியே தெரிவுசெய்ய இடமளித்து விளையாட்டுகள் வெளிவரல் வேண்டும். போட்டிக் களத்தின் தடையைத் தனியாட்டத்தின்மீது விரித்தல் கூடாது. மொட் இயற்றுவோர் தம் மூலநிரலைத் திறந்துவைத்தல் வேண்டும். மாணவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. வேற்றார் கோப்பை நிறுவி மகிழ்வதோடு அமையாது, திறந்து கிடக்கும் அம்மூலநிரலைப் படித்து, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். யூனிற்றி பிளாசாவிற் புதிய அட்டை வாங்க வகையற்ற வெள்ளவத்தை மாணவனுக்கும் கொட்டாஞ்சேனை மாணவனுக்கும் அவ்வெழுத்து, பழைய அட்டையின் ஆயுளை நீட்டித் தரும். தன் கணனியினுள் நிகழ்வது யாதென அறியும் துணிவையும் தரும். அத்துணிவுடையோரையே விற்பவர் கள்வரென அழைக்கின்றனர். அவ்வசையை ஏற்றுத் தலைகுனிய வேண்டிய கடப்பாடு எந்த மாணவருக்கும் இல்லை.