மகிழமரத்தடியில் கேட்கத் தவறிய சத்தியம்

திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சுந்தரர் செய்துகொடுத்த சத்தியத்தை இலக்கிய வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார். பிரியேன் என்று கோயிலுக்குள் சூளுரைக்க வேண்டிய வேளையில், இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போயிருக்க வேண்டுமென்று அவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவனோ, சத்தியத்தை அம்மரத்தடியிலேயே வாங்கும்படி சங்கிலியார் தரப்புக்கும் தெரிவித்துவிட்டான். பின்னாளில் வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டியபோது சுந்தரர் கண்பார்வையை இழந்தார் என்கிறது பெரியபுராணம்.

பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு இக்கதையை ஓர் ஒப்பந்தச் சட்டப் பாடமாகவும் வாசிக்கலாம். எங்கே வாங்கினால் சத்தியம் செல்லுபடியாகுமோ அங்கே அதை வாங்க வேண்டும். ஆளில்லாத கருவறையில் வாங்கும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. அதே திருவொற்றியூருக்குத் தெற்கே, கூப்பிடு தொலைவில் உள்ள டோல்கேட்டில், முதுகலைத் தமிழ் படித்து, பெரியபுராணத்தை வகுப்பில் நடத்தியும் வந்த நாம், ஆளில்லாத கருவறையில்தான் சத்தியம் வாங்கினோம்.

இலக்கியம் பேசுமிடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை கட்டுவதை விவரிக்கும்போது, நூல் வல்லார் கயிறு பிடித்துத் திசை பார்த்து நிலம் வகுப்பதிலிருந்துதானே தொடங்குகிறார்? மனையைப் பற்றிய கவலை தமிழ்க் கவிதைக்கு அந்நியமானதன்று. நமக்குத்தான் அது அந்நியமாகிவிட்டது. நாம் திசை பார்த்தோம், வாஸ்து பார்த்தோம். அத்திசையில் நாளை என்ன எழும் என்பதைப் பார்க்கவில்லை.

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தடம் திறக்கப்பட்டது. அதையடுத்துத்தான் நமக்கும் சொந்த வீட்டு ஆசை பிறந்தது. நான்காம் தளம், கிழக்கே சன்னல், சன்னலுக்கு அப்பால் ஒரு பாழடைந்த கிடங்கின் கூரை, அதற்கும் அப்பால் கடல். விளம்பரத் தாளில் அக்கடல் அச்சாகியிருந்தது. கிடங்கு மட்டும் அதில் இல்லை. விற்பனைப் பிரிவு இளைஞரிடம் கேட்டோம். "அது கேஸ்ல கிடக்கிற இடம் சார், உங்க காலத்துல ஒண்ணும் வராது" என்றார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிரிபடாத பாகத்தின் அளவு அனைத்தையும் வழக்கறிஞரிடம் காட்டி முடித்திருந்தோம். ஆகவே நிம்மதியாகக் கையெழுத்திட்டோம். மூன்றாம் ஆண்டு கிடங்கு இடிக்கப்பட்டது. கடைக்கால் தோண்டும் இயந்திரத்தின் அதிர்வில் நம் படுக்கையறைச் சுவரில் விரல் நீள விரிசல் விழுந்தது. இன்று கிழக்குச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறையின் காற்றுப்போக்கி தெரிகிறது. வாக்குத் தவறியவர் கண்ணை இழந்தது அந்தக் காலம். இப்போது வாக்கை நம்பியவனுக்குத்தான் அந்தத் தண்டனை.

இதற்குச் சட்டத்தில் வழியில்லையா என்று கேட்டவர்களுக்காக, கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். இரண்டாண்டுகளில், 2016-இல், நாடு முழுமைக்குமான மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ரெரா என்றழைக்கும் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அனுமதி பெற்ற வரைபடத்தை, வீடு வாங்கியோரில் மூன்றில் இரு பங்கினரின் இசைவின்றி மாற்றக் கூடாது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஆனால் இப்பாதுகாப்பெல்லாம் மதிற்சுவர் வரைக்குமே. கட்டுநர் தாம் கட்டுவதைப் பற்றித்தான் உறுதி கூறியாக வேண்டும். பக்கத்து மனையில் பிறர் கட்டப்போவதைப் பற்றி அவருக்குக் கடமை ஏதும் இல்லை. அந்த இளைஞரின் வாய்ச்சொல் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

வெளிச்சத்துக்காவது உரிமை உண்டா? உண்டு, காத்திருக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், பதினைந்தாம் பிரிவில், ஒரு கட்டடத்துக்கு வரும் ஒளியையும் காற்றையும் இருபது ஆண்டுகள் இடையூறின்றித் துய்த்தவர்க்கே அதை உரிமையாக்குகிறது. அண்டை நிலம் அரசினுடையதாயின் காலம் இன்னும் நீளும். வங்கி நமக்குத் தந்த கடனுக்கும் தவணைக்காலம் இருபது ஆண்டுகளே. கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும் தறுவாயில்தான் சன்னல் வெளிச்சம் நமதாகும். புது வீடு வாங்குபவர்க்கு இதைவிடப் பொருத்தமான பரிகாசம் வேறில்லை. பழைய வீட்டுக்காரருக்கு உள்ள உரிமை புது வீட்டுக்காரருக்குக் கிடையாது!

கடற்காட்சிக்கோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் உரிமையில்லை. 1610-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஆல்டிரெட் என்பவர், அண்டை வீட்டார் கட்டிய பன்றிக் கொட்டிலின் நாற்றத்துக்கு எதிராக வழக்காடி வென்றார். அவ்வழக்கிலேயே, நாற்றத்துக்கு வழக்கிடலாம், அழகிய காட்சி மறைந்ததற்கு வழக்கிட முடியாது, ஏனெனில் அது வெறும் இன்பமே என்ற கருத்தும் சொல்லப்பட்டது. நானூறு ஆண்டுகளாக அந்நீதி மாறவில்லை. ஆயினும் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அந்த இன்பத்துக்குத்தான் நம்மிடம் கூடுதல் விலை வாங்கப்பட்டது.

சரி, வெற்றுமனையில் எவ்வளவு எழும் என்பதையாவது முன்கூட்டி அறிய முடியுமா? முடியும், வாங்குபவர் காதில் அதை ஓதுவாரில்லை. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. ஒரு கிரவுண்டு மனையில் 3,600 சதுர அடி கட்டியவர் இப்போது 4,800 கட்டலாம். சாலையின் அகலத்துக்கேற்பக் கட்டணம் செலுத்தினால் மேலும் ஐம்பது விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ளலாம். மெட்ரோ வந்ததால்தானே நாம் இங்கே வந்தோம்? அதே மெட்ரோவுக்காகத்தான் அடுத்தவரும் வருகிறார். 'வளரும் பகுதி' என்று விளம்பரம் சொன்னபோது, வளர்ச்சி நம் வாசல்படியோடு நின்றுவிடும் என்று நாம் எண்ணியது நம் பேதைமை.

சன்னல் போனது சிறிய இழப்பு என்பதை நாம் உணராமலில்லை. வடசென்னையில் பக்கத்து நிலம் என்பது வெறும் வெளிச்சப் பிரச்சினையன்று. 2013-இல் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோல் மிதந்தது. மண்ணுக்கடியில் ஓடிய எண்ணெய்க் குழாயின் கசிவே காரணம் என்று வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, எர்ணாவூர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்தோடினர். எந்த வில்லங்கச் சான்றில் இக்குழாய்கள் வருகின்றன? கடனும் அடமானமும் மட்டுமே வில்லங்கம் என்று நம் பதிவு அலுவலகங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன.

"வாங்குபவரல்லவா விசாரித்து வாங்க வேண்டும்" என்பார்கள். எதை, யாரிடம் விசாரிப்பது? சர்வே எண்ணைக் கொண்டு அம்மனை குடியிருப்பு மண்டலமா, தொழில் மண்டலமா என்பதைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் அறியலாம். அந்த மண்டலத்தையே மாற்றக் கோரும் அறிவிப்போ, நாளிதழின் ஒரு மூலையில் பொடியெழுத்தில் ஒருநாள் வந்து மறைகிறது. சாலை விரிவாக்கம் ஓர் அலுவலகத்தில், குழாய்த் தடம் ஒரு நிறுவனத்தில், வெள்ளம் நின்ற மட்டம் மூன்றாமிடத்தில். இத்தனையையும் ஒரு கல்லூரி ஆசிரியரோ துறைமுகத் தொழிலாளியோ தாமே திரட்ட வேண்டும் என்பது நியாயமன்று. இங்கிலாந்தில் வீடு வாங்குவோரின் வழக்கறிஞர் உள்ளாட்சியிடம் அனுப்பும் வழக்கமான கேள்வித்தாளில், 200 மீட்டருக்குள் வரவிருக்கும் சாலை, இரயில் திட்டங்கள் பற்றிய வினா உண்டு. அங்கும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. கேட்க ஓரிடம் இருக்கிறது, பதிலில் ஒருவர் கையெழுத்திடுகிறார் என்பதே வேறுபாடு.

"வடசென்னைக்கு வளர்ச்சியே வேண்டாமென்கிறீர்களா?" என்பது அடுத்த வினா. நாம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து மனைக்காரர் வீடு கட்டக் கூடாது என்று கேட்க நமக்கு உரிமையும் இல்லை. அவர் வீட்டிலும் நம்மைப் போன்ற ஒருவர்தான் கடன் வாங்கிக் குடியேறுகிறார். தொல்லையை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவது தீர்வாகாது என்பதற்கு இப்பகுதியின் வரலாறே சான்று. இராயபுரத்தார் துகளால் அவதியுற்றபின், 2011-இல் உயர் நீதிமன்ற ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதல் நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. நாம் மூச்சுவிட்டோம், அங்குள்ளவர்கள் இருமினார்கள். அவர்கள் வீடு வாங்கி வந்தவர்களும் அல்லர். அவர்கள் இருந்த இடத்துக்குத் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்தன. வரப்போவது இன்னதென்று நமக்கு முன்பே சொல்லப்பட வேண்டியவர்கள் அவர்களே.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. விற்பனை ஒப்பந்தத்தோடு, அரசு பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட சுற்றுப்புற அறிக்கை ஒன்று கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும். நாற்புறமும் உள்ள நிலங்களின் மண்டலம், அவற்றில் விதிப்படி எழக்கூடிய உயரம், வரவிருக்கும் சாலை, பூமிக்கடியில் ஓடும் குழாய், சுற்றியுள்ள அபாயத் தொழிற்சாலை, கடந்த வெள்ளங்களின் மட்டம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவ்வறிக்கை வாங்குபவர்க்கு மட்டுமின்றி, அப்பகுதியில் தலைமுறையாக வாழ்வோர்க்கும் தமிழில் கிடைக்க வேண்டும்.

அது வரும் வரை, வீடு பார்க்கப் போகும் நண்பர்களுக்கு நம் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவே. வெற்றுமனையை வெற்றுமனையாகப் பார்க்காதீர்கள். விதி அனுமதிக்கும் முழு உயரத்துக்கும் கட்டடம் எழுந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, அதன் பிறகும் அவ்வீடு பிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் ஒருமுறை, கன்டெய்னர் லாரிகள் ஓடும் இரவில் ஒருமுறை, அடைமழையில் ஒருமுறை சென்று பாருங்கள். வாயால் சொல்லப்படும் எதையும், "இதை ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். நாம் அன்று அந்த இளைஞரிடம் இவ்வொரு வினாவைக் கேட்டிருந்தால் அவர் தயங்கியிருப்பார். அத்தயக்கமே நமக்கு வேண்டிய பதிலாக இருந்திருக்கும். சங்கிலியாருக்கு மகிழமரத்தைக் காட்டிக்கொடுக்க இறைவன் இருந்தான். நமக்கு அந்த மரத்தைக் காட்ட வேண்டியது அரசு.