பைக்காராவிலிருந்து இறங்கும் நர்ஸ் எந்த ஊருக்குப் போவது?

போன மாதம் பைக்காரா பக்கம் ஒரு லைன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுத் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் வாங்கிவிட்டாள். மூன்று ஊர்களில் தனியார் மருத்துவமனைகள் அவளைக் கூப்பிட்டிருந்தன: கோயம்புத்தூர், மைசூரு, சேலம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நோட்டுத் தாளில் கோடு போட்டு அறை வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு, பஸ், கல்விக் கடன் தவணை, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது என்று எழுதி வைத்திருந்தாள். சென்னையும் பெங்களூரும் நம் கைக்கு எட்டாது, நடுத்தரமான ஊர்தான் சரி என்பது அவள் கணக்கு. தாளை என்னிடம் நீட்டி, "எதுண்ணா மலிவா இருக்கும், நீங்க சொல்லுங்க" என்றாள்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அதில் ஒரு பத்தி விட்டுப்போயிருந்தது. அவளுக்கும் அது தெரியும். கோவையில் வீடு கேட்டு ஏற்கெனவே நாலைந்து பேருக்குப் போன் போட்டிருந்தாள். ஒரு வீட்டுக்கார அம்மாவோடு நடந்த பேச்சை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"எந்த ஊரும்மா?"

"ஊட்டிங்க."

"படகரா?"

"இல்லைங்க."

"அப்ப சிலோன்காரங்களா? என்ன ஆளுங்க நீங்க?"

தங்கை பேசாமல் இருந்திருக்கிறாள். "வீட்டுக்காரரு வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை.

தோழர்களே, எந்த ஊர் மலிவு என்று பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இந்தப் போன் அழைப்பைச் செலவில் சேர்ப்பதில்லை. ஆறாயிரம் ரூபாய் வாடகை என்றால் அது வீடு கிடைக்கிறவருக்கு ஆறாயிரம். கிடைக்காதவர் ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறார். நைட் டூட்டி முடிந்து விடிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறார். அல்லது அதிகம் கொடுத்து, சாதி கேட்காத பெண்கள் விடுதியில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுக்கிறார். அல்லது பொய் சொல்லி வீடு பிடித்து, மாட்டுக்கறியை மறைத்து, அப்பா வந்தால் பேச்சு வழக்கை மறைத்து, அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள் வைத்து வாழ்கிறார். இந்த மூன்றாவதுதான் கூடுதல் செலவு என்று நினைக்கிறேன்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்கும் மாணவர்கள் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். 2015இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனில் அழைத்தபோது ஆதிக்க சாதிப் பெயர்கள் ஒன்றுக்குக்கூட மறுப்பு வரவில்லை. தலித் பெயர்களில் 100க்கு 18 பேருக்கு நேரடியாகவே இல்லை என்றார்கள். இன்னும் பலருக்கு நிபந்தனை போட்டார்கள். முஸ்லிம் பெயர்களுக்கு இதைவிட மோசம்.

நூறாண்டு பழைய கதை இது. 1917இல் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்போடு பரோடா அரசு வேலைக்குப் போனார். வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு டஜன் பேர் வந்து வெளியேற்றினார்கள். அதன்பிறகு நடந்ததைத்தான் நம் தோழர்கள் பலர் கவனிப்பதில்லை. அவர் ஓர் இந்து நண்பரிடம் போனார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் போனார். மனைவி நாளைக்கு வருகிறார், அவரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். கோவை அம்மா வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அம்பேத்கர் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

அதே நினைவுக் குறிப்புகளில் இன்னொரு சம்பவமும் உண்டு. மருத்துவப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டியது. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி குழந்தை பெற்று நோயில் கிடக்கிறார். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு வருகிறார், ஆனால் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். பிறகு அதே வழியில் திரும்பி வருகிறது. அந்தப் பெண் இறந்துபோனார். 1929இல் யங் இந்தியாவில் அந்தக் கணவரின் கடிதம் வெளியானது. இன்று அந்தப் பெண்ணின் பேத்திகள் ஊசி போடுகிறார்கள், புண் கட்டுகிறார்கள், ஆதிக்க சாதிக் கிழவரின் முதுகைத் துடைத்துப் படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் யாரும் "என்ன ஆளு நீ" என்று கேட்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய், மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போதுதான் கேட்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் வீட்டுக்காரர் "இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் குடுத்தோம்" என்றால் எதை வைத்து வழக்குப் போடுவது? அட்வான்ஸ் விஷயத்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, கூடவே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. உடன்பாட்டை எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி மூன்று ஊர்களுக்கு வருவோம்.

மலைக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் பழக்கப்பட்ட ஊர். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் கீழே இறங்கித்தான் கோவையில் மில்கள் பெருகின. அந்த ஆற்றைத் தெய்வமாகக் கும்பிட்ட தோடர்களுக்கும், மலையில் பாறை உடைத்துப் பைப் இறக்கிய கூலிகளுக்கும் அந்த வளத்தில் என்ன பங்கு வந்தது என்று தனியாக எழுத வேண்டும். மின்சாரத்துக்குப் பின் தேயிலை இறங்கியது, காய்கறி இறங்கியது, இப்போது நர்ஸ்கள் இறங்குகிறார்கள். கோவையின் பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளில் போய் நில்லுங்கள், குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அனுபவம் கிடைக்கும், தெரிந்த முகம் இருக்கும். ஆனால் அது இப்போது நடுத்தர ஊரின் விலையில் இல்லை. ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் வாடகை ஏறிவிட்டது. சாதி கேட்பதில் மட்டும் இன்னும் பழைய ஊராகவே இருக்கிறது.

மைசூரு கவர்ச்சியானது. சுத்தமான ஊர், ரோடு அகலம். பைக்காராவிலிருந்து பார்த்தால் கோவையும் மைசூரும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். நானும் முதலில் அதைத்தான் சொல்ல நினைத்தேன். இரண்டு விஷயங்கள் தடுத்தன. முதலாவது, நம் இடஒதுக்கீடு மாநில எல்லையில் நின்றுவிடும். தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றிதழை வைத்துக் கர்நாடக அரசு வேலையில் ஒதுக்கீடு கேட்க முடியாது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர் தன் அட்டவணைச் சாதித் தகுதியை அடுத்த மாநிலத்துக்குத் தூக்கிப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. 2018இல் பீர் சிங் வழக்கில் உறுதிசெய்தது. சாதி மட்டும் எல்லை தாண்டி வரும், சலுகை வராது! தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தால் சான்றிதழ் செல்லும், அது உண்மை. ஆனால் மைசூரிலேயே அரசு மருத்துவமனைக்குள் நுழையலாம் என்று கனவு கண்டால் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். நர்சிங் கவுன்சில் பதிவையும் அங்கே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பந்திப்பூர். இரவு 9 மணிக்குக் காட்டுக்குள் கேட்டை மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். யானைக்கும் மானுக்கும் அது வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால் அந்தத் தங்கை என்ன செய்வாள்? அவள் அம்மா வாய்விட்டுக் கேட்டது இதை மட்டும்தான்.

சேலத்தை அவள் கடைசியில் எழுதியிருந்தாள். நான் முதலில் வைத்தேன். வாடகை கோவையைவிடக் குறைவு, ஆனால் காரணம் அது இல்லை. அங்கே அரசின் தோழி விடுதி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்துவது. இணையத்தில் பதிவு செய்து சேரலாம். "என்ன ஆளுங்க" என்று யாரிடமும் பதில் சொல்லி இடம் பிடிக்க வேண்டியதில்லை. திருச்சி, தஞ்சாவூர், வேலூர், திருநெல்வேலியிலும் இருக்கிறது. வேலை தேடும் பிள்ளைகள் ஊரை முதலில் பார்க்காமல் இந்த விடுதி இருக்கும் ஊர்களை முதலில் பாருங்கள். முதல் ஆறு மாதம் கூரை உறுதியானால், பிறகு ஊரைத் தெரிந்துகொண்டு நாலு தோழிகளாகச் சேர்ந்து வீடு தேடலாம். சாதி மாறாது, ஆனால் தனியாக நிற்கும் பெண்ணிடம் கேட்பதை நாலு பேரிடம் கேட்கக் கொஞ்சம் தயங்குவார்கள்.

சேலம் சாதி இல்லாத ஊர் என்று நான் சொல்லவில்லை. அப்படியோர் ஊர் தமிழ்நாட்டில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் குடி வருகிறேன்.

சம்பளம் பற்றி ஒன்று. மருத்துவமனையில் சேருமுன் எத்தனை படுக்கை என்று கேளுங்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸ்களின் ஊதியம் குறித்துக் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கொடுப்பவர்கள் அபூர்வம். ஆனாலும் கேட்கத் தெரிந்திருப்பது வேறு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி தன் மார்க் ஷீட்டை மீட்க ஒன்றரை வருடம் கூடுதலாக வேலை செய்தாள்.

அரசு வேலை மட்டும் சொர்க்கமா? எம்.ஆர்.பி. தேர்வு எழுதி 2015இல் சேர்ந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். கொரோனாவில் கைதட்டி வரவேற்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போதும் என்றார்கள். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அந்தத் தேர்வை விடக் கூடாது என்றுதான் சொல்வேன். ரோஸ்டர் அங்கேதான் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் நமக்கு உறுதியாக ஒதுக்கப்பட்டிருப்பது துடைப்பம் மட்டும்தான். அதுவும் கான்ட்ராக்டில். நீங்கள் ஊசியோடு போகும் அதே வார்டில் நம் சித்தி ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருப்பார். அவரைப் பெயர் சொல்லி அதட்டும் சீனியர்களோடு சேர்ந்துகொள்ளாதீர்கள்.

இதைப் படிக்கும் சில தோழர்கள் என்மீது கோபப்படுவார்கள். மலையில் ஆள் இல்லாமல் கிடக்கும்போது மலைப் பிள்ளையை ஏன் கீழே அனுப்புகிறாய் என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் முகவரி தவறு. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் சிலோனிலிருந்து ஏற்றி வந்து இந்த மலையில் இறக்கப்பட்டவர்கள் அவள் தாத்தா பாட்டி. காடாக இருந்த இடத்தைத் தேயிலையாக்கினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதை நிறைவேற்றாத தோட்ட முதலாளியிடமும் அரசிடமும் கேட்காத தியாகத்தை, மூன்று தலைமுறை கழித்துப் படித்து முடித்த 22 வயதுப் பெண்ணிடம் ஏன் கேட்கிறோம்? சேவை செய் என்று நர்ஸிடம்தான் சொல்கிறோம், எஸ்டேட் மேனேஜரிடம் யாரும் சொல்வதில்லை.

மலையிலேயே முடியும் என்பதற்குக் கூடலூர் சாட்சி. அஸ்வினி அமைப்பு 1990 முதல் அங்கே ஆதிவாசி மருத்துவமனையை வளர்த்தெடுத்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பழங்குடிப் பெண்களைக்கூட அங்கேயே பயிற்றுவித்து நர்ஸ்களாக்கினார்கள். நோயாளியின் மொழியைப் பேசும் நர்ஸ் இருந்தால் ஆஸ்பத்திரி பயம் போகும் என்பதை அந்த மக்கள் செய்து காட்டினார்கள். தனிமனிதத் தியாகத்தை மட்டும் நம்பாமல், பின்னால் ஒரு சங்கம் நின்றதால் அது நடந்தது. ஊட்டியிலும் இப்போது வழி திறந்திருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரியும் ஒன்று. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் வந்தது. எதற்கெடுத்தாலும் கோவைக்கு ரெஃபர் செய்து, மலைப்பாதை வளைவுகளில் ஆம்புலன்ஸிலேயே உயிர் போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அங்கே காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும், ஒப்பந்தத்தில் இல்லாமல் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும் என்று கேட்பது நம் வேலை, என் போன்றவர்களின் வேலை. அவள் ஊட்டிக்கு வருவதென்றால் அரசு ஆணையோடும் முழுச் சம்பளத்தோடும் வரட்டும்.

தங்கை சேலத்துக்குத்தான் போகிறாள். இரண்டு வருடம் வார்டு அனுபவம், கூடவே எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பு, அதுவரை தோழி விடுதி என்று புதிதாக ஒரு தாள் எழுதிவிட்டாள். போன வாரம் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, கவுன்சில் பதிவு எல்லாவற்றையும் ஊட்டிக்குக் கொண்டுபோய் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தாள். அசலை ஆஸ்பத்திரியில் கேட்டால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லு, உன் பையை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினேன். அம்பேத்கர் படத்தை எடுத்துப் போவதா என்று கேட்டாள். பெட்டியின் மேலாக வை என்றேன்.