கனவென்று உணர்ந்தால் கலக்கமில்லை

நள்ளிரவில் அலறி எழும் குழந்தையை, "பேசாமல் படு!" என்று அதட்டுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சிலர் திருநீறு பூசி உறங்க வைப்பர். அதுவும் ஆறுதலே. ஆயினும், அக்குழந்தை கண்டது யாதெனக் கேட்போர் எத்தனை பேர்?

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், நம் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமாய்ப் புகுந்து உயிர்களைப் பறித்தது. அத்தகைய இரவைக் கண்ட பிள்ளையின் கனவில் மீண்டும் வெள்ளம் பெருகுவது இயல்பே. அது பேயின் வேலையன்று, கோழைத்தனமுமன்று.

கனவைக் கனவென்று உறக்கத்திலேயே உணரவும் மனத்தால் இயலும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் இதனைச் சோதித்தார். உறங்கியவர், தாம் கனவு காண்பதை உணர்ந்ததும், முன்னரே பேசி வைத்தபடி கண்விழிகளை அசைத்துத் தெரிவித்தார். கருவி அதனைப் பதிவு செய்தது.

மாணவச் செல்வங்களே! தீக்கனவு கண்டால் மறைக்காதீர்கள். விடிந்ததும் அதனைச் சொல்லுங்கள், படமாக வரையுங்கள். முடிவை நீங்களே மாற்றுங்கள். வெள்ளம் வடியட்டும், துரத்தும் புலி பூனையாகட்டும். அவ்வாறு பழகினால், "இது கனவுதான்" என்று ஒருநாள் கனவினுள்ளேயே தோன்றக்கூடும். தோன்றாவிடினும், விழித்தபின் அச்சம் குறையும்.

பெற்றோர்களே! தோட்ட வேலைக்குப் புறப்படும் காலை வேளையில் நேரம் அரிதென்பதை அறிவோம். ஆயினும் ஐந்து நிமிடம் செவிகொடுங்கள். பூச்சாண்டி காட்டி உறங்க வைக்காதீர்கள். தீக்கனவு ஓயாது தொடர்ந்தால் மருத்துவரை நாடுங்கள். பிள்ளையின் அச்சத்தைக் கேட்டறிதலும் பெற்றோர் கடமையேயாகும்.