பளபளக்கும் அடுப்படியில் நேற்றைய சோறு

இரண்டாம் பாடவேளையில் ஒரு மாணவன் வகுப்பிலேயே வாந்தி எடுத்தான். தகவல் கிடைத்து வந்த தாயார் கேட்ட முதல் கேள்வி, "சிற்றுண்டிச்சாலையில் என்ன கொடுத்தீர்கள்?" என்பதுதான். ஓய்வு மணியே அப்போது அடித்திருக்கவில்லை. பையன் பசியாறியது வீட்டு நாசி கோரெங். இரவு மிஞ்சிய சோற்றை விடியற்காலையில் பிரட்டிக் கொடுத்தது.

அச்சோறுதான் காரணம் என அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை மறுக்காமல் இருக்க இயலவில்லை. "எங்கள் அடுப்படி கண்ணாடி மாதிரி இருக்கும் சார். சோற்றையும் நன்றாகச் சூடாக்கித்தானே கொடுத்தேன்?"

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருப்பதுண்டு. உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு ஆறியபின் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி செல்சியசில் 90 நிமிடம் தாங்கும். நம் வாணலியின் ஐந்து நிமிடச் சூடு அதை என்ன செய்துவிடும்?

சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி வரை. கேமரன் மலை உட்பட நம் நாட்டு இரவுகள் முழுவதும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். தீபாவளிக்கு முன் சுவர்க் கற்களைத் தேய்தேயென்று தேய்க்கிறோம். தரைக்கு மணமூட்டிய மருந்து ஊற்றுகிறோம். சோற்றுப் பானையை மட்டும் விடியும்வரை அடுப்பின்மேல் உறங்க விடுகிறோம். இதற்குப் பெயர் சுத்தமா? (நீரூற்றிப் புளிக்க வைக்கும் பழையது வேறு. புளிப்பு அதற்கு ஓரளவு காப்பு. வெறுஞ்சோற்றுக்கு அதுவும் இல்லை.)

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. 'சுத்தம்' என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாமும் துடைப்பத்தையும் சவர்க்காரத்தையும் தாண்டியதில்லையே! கடிகாரமும் சுத்தத்தின் கருவிதான் என்று எந்த மாணவனுக்குச் சொன்னோம்? சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்குமேல் வைக்காதீர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிஞ்சிய சோற்றை அகன்ற, ஆழமற்ற மங்கில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும். பானையோடு வைத்தால் நடுச்சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இவ்வளவும் எழுதிய என் வீட்டிலும் சென்ற மாதம்வரை பானை அடுப்பின்மேல்தான் இருந்தது.