திரைப்படத்துக்கும் பாடபேதம் உண்டு

பழந்தமிழ் நூலொன்றைக் கற்பிக்கப் புகும் ஆசிரியன் முதற்கண் வினவுவது, "இஃது எவர் பதிப்பு?" என்பதாம். ஏடெழுதினோர் விட்டனவும் உண்டு; கூட்டினவும் உண்டு. அதனாலன்றோ சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி நூல்களை அச்சேற்றினர். திரைப்படங்களை விமரிசிக்கும் நாமோ இவ்வினாவை எழுப்புவதேயில்லை. திரையிற் கண்டது அனைத்தையும் நெறியாளர் தலையிற் சுமத்திப் புகழ்கின்றோம்; அன்றேல் இகழ்கின்றோம். இது முறையா?

1970ஆம் ஆண்டு பரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'டார்லிங் லிலி' என்னும் ஆங்கில இசைப்படத்தை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வேன். கதை, முதலாம் உலகப் போர்க் காலத்தது. நேசநாட்டு மக்கள் போற்றும் மேடைப்பாடகி லிலி, மறைவில் ஜேர்மனியின் உளவாளி. அமெரிக்க விமானப்படை அதிகாரியொருவனிடம் இரகசியம் அறியச் சென்றவள், அவன்பாற் காதல் கொள்கின்றாள். ஜூலி அன்ட்ரூஸும் ரொக் ஹட்சனும் நடித்தனர். ஹென்றி மான்சினி இசையமைத்தார். பிளேக் எட்வேர்ட்ஸ் நெறிப்படுத்தினார்.

1965இல் வெளிவந்த 'த சவுண்ட் ஒவ் மியூசிக்' ஈட்டிய பெரும்பொருள் ஹொலிவூட் முதலாளிகளின் கண்ணை மயக்கியிருந்த காலம் அது. பெரிய படமெனின் நீண்ட படமாதல் வேண்டும் என்பது அவர்தம் கணக்கு. 'டார்லிங் லிலி' சுமார் 25 மில்லியன் டொலரை விழுங்கிற்று. காதல், உளவு, நகைச்சுவை, வான்போர், பாடல் என யாவும் ஒரே வண்டியில் ஏறின. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய அப்படம், இட்ட முதலை மீட்கவில்லை. நிருவாகத்தின் தலையீடே காரணம் என்றார் எட்வேர்ட்ஸ். அவருடைய ஊதாரித்தனமே காரணம் என்றது நிருவாகம்.

ஆயினும் வியப்பு யாதெனின், ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் அப்படத்தைத் தாமே மீளத் தொகுத்த எட்வேர்ட்ஸ், ஒன்றையும் கூட்டினாரல்லர்; குறைத்தார். அவருடைய வடிவம் 107 நிமிடமே. ஏறக்குறைய அரைமணி நேரக் காட்சிகளை அவரே களைந்தார். 1971இல் வெளிவந்த 'வைல்ட் ரோவர்ஸ்' என்னும் அவருடைய மற்றொரு படத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அதனை வேறொரு நிறுவனம் அவர் மனம் நோக வெட்டிச் சிதைத்தது. நீண்ட வடிவம் பிற்காலத்திலேயே வெளிவந்தது. ஆகவே, வெட்டுதல் யாவும் கொலையன்று. நீட்டுதல் யாவும் மீட்சியுமன்று. கத்தரிக்கோல் எவர் கையில், எக்கருத்தோடு இயங்கிற்று என்பதே கேள்வி.

'டார்லிங் லிலி'யின் தொடக்கத்தில், இருண்ட மேடையில் நின்று லிலி பாடுகின்றாள். ஒளிப்பதிவுக்கருவி இடையறாது அவளைச் சுற்றிவருகின்றது. ஒட்டுப்போடாத ஒரே நெடுங்காட்சி அது. அதை முழுவதும் நீக்கலாம். உள்ளே புகுந்து திருத்துதல் அரிது. யாப்பமைதி கெடாத செய்யுளில் இடைச்செருகல் நுழைய இடர்ப்படுதல் போன்றதே இதுவும்.

முதலாளிமார் மீதிருந்த சினத்தை எட்வேர்ட்ஸ் 1981இல் 'எஸ். ஓ. பி.' என்னும் அங்கதப் படமாகவே ஆக்கினார். தன் படத்தைப் பறிகொடுத்த தயாரிப்பாளன் ஒருவன் படச்சுருளைக் கவர்ந்து ஓடி உயிர்விடுவதாக அதிற் காட்டினார். அச்சினம் நியாயமானதே. எனினும், 1970இல் மக்கள் கண்டது முதல் வடிவத்தையே. அதுவும் வரலாற்றின் பகுதி. நிறுவனத்துக்குப் பிறர் ஆக்கத்தைச் சிதைக்கும் உரிமை இல்லை. ஆக்கியோனுக்கும் தன் முதற்பிரதியை உலகினின்று மறைக்கும் உரிமை இல்லை. இரண்டும் பேணப்படல் வேண்டும்.

மாணாக்கர்க்கு யான் கூறுவது இதுவே: ஒரு படத்தைப் பற்றி எழுதுமுன், எவ்வடிவத்தைக் கண்டீர், அஃது எத்துணை நிமிடம் ஓடிற்று, எவர் தொகுத்தது என மூன்றையும் குறியுங்கள். பாடம் அறியாது உரை எழுதற்க.